கையெழுத்துக்கு முன் ஒரு கேள்வி

(கற்போர் மையத்தில் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று ஞாயிற்றுக்கிழமை. அதனால்தான் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். மற்ற நாட்களில் நம் மையத்தில் பாதிப் பாய் காலியாகத்தான் கிடக்கும். காரணம் எல்லோருக்கும் தெரியும்.

இது கோலார் தங்கவயல். 2001-ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு நம்மில் பலருக்குச் சோறு போடுவது ரயில்தான். விடியும் முன்னே மாரிக்குப்பம் ஸ்டேஷனுக்கு ஓடுகிறோம். பெங்களூரில் வேலை செய்கிறோம். இருட்டிய பின் வீடு வந்து சேர்கிறோம். பிள்ளை எழுந்திருக்கும் முன் போகிறோம். பிள்ளை தூங்கிய பின் வருகிறோம். பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்?

போன வாரம் ஓர் அக்கா என்னிடம் ஒரு தாளைக் கொண்டு வந்தார்.

"தங்கச்சி, இதைப் படிச்சுச் சொல்லு. பையன் ஸ்கௌட்டுல சேந்திருக்கான். கேம்ப் போறானாம். பணம் கேக்கறான். கையெழுத்தும் கேக்கறான். போடலாமா, கூடாதா?"

நல்ல கேள்வி. இந்தக் கேள்வி பல வீடுகளில் இருக்கும். அதனால் இன்று அதைப் பற்றியே பேசுவோம்.

ஸ்கௌட் என்றால் என்ன?

தமிழில் சாரணர் இயக்கம் என்று சொல்வார்கள். ஆண் பிள்ளைகள் சாரணர். பெண் பிள்ளைகள் சாரணியர். நம் பிள்ளைகள் ஸ்கௌட், கைடு என்று சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான்.

இது எப்படித் தொடங்கியது? 1907-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பேடன் பவல் என்பவர் சுமார் 20 சிறுவர்களை ஒரு தீவுக்கு அழைத்துப் போனார். அதன் பெயர் பிரவுன்ஸி தீவு. கூடாரம் போடவும், தாங்களே சமைக்கவும், ஒருவருக்கொருவர் உதவவும் அங்கே அவர்கள் கற்றுக்கொண்டார்கள். அதுதான் முதல் முகாம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1909-இல், இந்தியாவிலும் சாரணர் படை தொடங்கியது. எங்கே தெரியுமா? நாம் தினமும் ரயிலில் போகிறோமே, அதே பெங்களூரில்தான்! ஆனால் அன்று நம் பிள்ளைகளுக்கு அதில் இடம் இல்லை. வெள்ளைக்காரர் பிள்ளைகளையும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளையும் மட்டுமே சேர்த்தார்கள்.

நம் நாட்டுத் தலைவர்கள் சும்மா இருக்கவில்லை. 1916-இல் அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் இந்தியப் பிள்ளைகளுக்காக ஒரு சாரணர் சங்கம் தொடங்கினார். 1918-இல் வடக்கே அலகாபாத்தில் மதன் மோகன் மாளவியா போன்றவர்கள் இன்னொரு சங்கம் தொடங்கினார்கள். நாடு விடுதலை பெற்ற பிறகு தனித்தனியாக இருந்த சங்கங்கள் ஒன்று சேர்ந்தன. 1950-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் பாரத சாரண சாரணியர் இயக்கம் பிறந்தது. 1951 ஆகஸ்ட் 15-இல் பெண்கள் பிரிவும் அதில் இணைந்தது.

ஒரு காலத்தில் நம் பிள்ளைக்குக் கதவு மூடி இருந்தது. இன்று திறந்திருக்கிறது. இதில் சாதி, மதம் பார்ப்பதில்லை. எந்தக் கட்சிக்கும் இது சொந்தம் இல்லை. சேர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிள்ளைக்கு விருப்பம் இருந்தால் சேரலாம்.

பிள்ளை அங்கே என்ன கற்கிறது?

சிறு பிள்ளைகளின் பிரிவுக்குக் கப், புல்புல் என்று பெயர். பத்து வயதுக்கு மேல் ஸ்கௌட், கைடு.

ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள் சேர்ந்தால் ஓர் அணி. அந்த அணிக்கு ஒரு பிள்ளையே தலைவர். சில அணிகள் சேர்ந்தால் ஒரு படை. படைக்கு ஓர் ஆசிரியர் பொறுப்பு.

அவர்கள் கயிற்றில் முடிச்சுப் போடப் பழகுகிறார்கள். முதலுதவி பழகுகிறார்கள். கொடி ஏற்றும் முறை, திசை அறியும் முறை, சமையல் எல்லாம் உண்டு. தினம் ஒரு நல்ல காரியம் செய்ய வேண்டும் என்பது அவர்கள் பழக்கம். 'தயாராக இரு' என்பது அவர்களுடைய தாரக மந்திரம்.

பிள்ளை படிப்படியாக மேலே போகும். முதலில் பிரவேஷ். அடுத்து பிரதம சோபான், துவிதீய சோபான், திருதீய சோபான். சோபான் என்றால் படிக்கட்டு. அதற்கும் மேலே மாநில விருதும் குடியரசுத் தலைவர் விருதும் இருக்கின்றன.

உங்கள் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது? இன்று வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். "இப்ப எந்தச் சோபான்ல இருக்கே? அடுத்ததுக்கு என்ன கத்துக்கணும்?" என்று கேளுங்கள். பிள்ளை உங்களை ஆச்சரியமாகப் பார்க்கும். 'அம்மாவுக்கு இது எப்படித் தெரியும்?' என்று நினைக்கும். அங்கிருந்து பேச்சுத் தொடங்கும்.

எங்கள் வீட்டில் நடந்தது

இனி எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

என் தம்பி அப்போது ஏழாம் வகுப்பு. ஸ்கௌட்டில் சேர்ந்திருந்தான். மூன்று நாள் முகாம் வந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு தாள் கொடுத்தார்கள். ஒரு பக்கம் கன்னடம். மறு பக்கம் ஆங்கிலம்.

அம்மா பெங்களூரில் ஒரு கம்பெனியில் துப்புரவு வேலை செய்கிறார். அன்று வீடு வரும்போது இரவு ஒன்பது மணி. தம்பி தாளை நீட்டினான். "நாளைக்குத்தான் கடைசி நாள். இங்கே போடும்மா" என்று விரலை வைத்துக் காட்டினான். அம்மாவுக்குத் தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும். எழுதினார். பணத்தையும் கொடுத்தார். அவன் சந்தோஷமாகப் படுக்கப் போனான்.

நான் அப்போது பெங்களூரில் ஒரு கடையில் வேலை பார்த்தேன். அங்கேயே விடுதியில் தங்கியிருந்தேன். போனில் தம்பி சொன்னான். "சரி, ஜாக்கிரதையா போயிட்டு வா" என்றேன். அவ்வளவுதான். தாளில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

தம்பிக்குச் சிறு வயது முதல் இழுப்பு உண்டு. வீசிங் என்று டாக்டர் சொல்வார். குளிர் பட்டால் மூச்சு வாங்கும். வாயில் வைத்து இழுக்கும் பம்பு மருந்து கொடுத்திருந்தார்கள்.

முகாமில் இரண்டாம் நாள் இரவு நல்ல குளிர். பிள்ளைகள் கூடாரத்தில் படுத்திருந்தார்கள். நடு இரவில் தம்பிக்கு இழுப்பு வந்துவிட்டது. பம்பு எங்கே? வீட்டில் அலமாரியின் மேல்தட்டில். அவனுக்கு என்ன நோய் என்று அங்கே யாருக்கும் தெரியாது. தாளில் 'பிள்ளைக்கு ஏதாவது நோய் உண்டா? என்ன மருந்து?' என்று ஒரு வரி இருந்தது. அது வெறுமையாக இருந்தது. போன் நம்பர் எழுதும் இடத்தில் தம்பி அப்பாவின் பழைய நம்பரை எழுதியிருந்தான். அது எப்போதோ நின்றுபோன நம்பர்.

ஸ்கௌட் சார் ஒரு வண்டி பிடித்து அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். ஆவி மருந்து வைத்தார்கள். விடியற்காலையில் மூச்சு சீரானது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதெல்லாம் அம்மாவுக்கு எப்போது தெரிந்தது? மறுநாள் இரவு ரயிலை விட்டு இறங்கிய பிறகுதான்.

நான் ஓடி வந்தேன். அம்மா அழவில்லை. தம்பியைத் திட்டவும் இல்லை. சாரிடம் போய் அந்தத் தாளை வாங்கி வரச் சொன்னார். என் கையில் கொடுத்தார். "இதுல எந்த வரியில அதைக் கேட்டிருக்காங்க? காட்டு" என்றார். காட்டினேன். அந்த வெற்று இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார்.

யார் மேல் தவறு? வெறும் இடம் இருந்த தாளை அவர்கள் திருப்பி அனுப்பியிருக்கலாம். தம்பி உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அம்மாவும் 'காலையில் போடுகிறேன்' என்று சொல்லி, பக்கத்து வீட்டில் காட்டியிருக்கலாம். ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சம் விட்டோம். அந்தக் கொஞ்சம் எல்லாம் சேர்ந்து ஒரு பிள்ளையின் மூச்சில் போய் முடிந்தது.

கையெழுத்து என்பது தாளின் கீழே போடும் கோடு அல்ல. 'இதில் உள்ளது எனக்குத் தெரியும், எனக்குச் சம்மதம்' என்பதே அதன் பொருள். தெரியாமல் சம்மதம் சொல்லலாமா?

தாளில் என்ன பார்க்க வேண்டும்?

அந்த அக்கா கொண்டு வந்த தாளை நாங்கள் இருவரும் உட்கார்ந்து படித்தோம். என்னென்ன பார்த்தோம் என்று சொல்கிறேன். உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. எங்கே? ஊர் பெயர் என்ன? எப்படிப் போகிறார்கள்? பஸ்ஸா, ரயிலா, வேனா?

2. எப்போது? எந்த நாள், எத்தனை மணிக்குப் புறப்பாடு? எந்த நாள், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள்? இருட்டிய பின் வந்தால் யார் அழைத்து வர வேண்டும்?

3. யார்? பொறுப்பாக வரும் பெரியவர்கள் எத்தனை பேர்? அவர்கள் பெயர் என்ன? பெண் பிள்ளைகளோடு பெண் ஆசிரியர் வருகிறாரா?

4. எங்கே படுப்பார்கள்? கூடாரமா, கட்டடமா? கழிப்பறை இருக்கிறதா? குடிநீர் எப்படி?

5. எவ்வளவு பணம்? எதற்கு எவ்வளவு? ரசீது உண்டா?

6. உடம்புக்கு எப்படி? பிள்ளையின் நோய், மருந்து, ஒத்துக்கொள்ளாத சாப்பாடு எழுத இடம் இருக்கிறதா? இடம் இல்லை என்றால் தனித்தாளில் எழுதிக் கொடுங்கள்.

7. போன் நம்பர். அவர்களுடைய நம்பர் நம்மிடம் இருக்க வேண்டும். நம்முடைய நம்பர் அவர்களிடம் இருக்க வேண்டும். நாம் ரயிலில் இருக்கும்போது போன் எடுக்காது. அதனால் ஊரில் இருக்கும் ஒருவருடைய நம்பரையும் கொடுங்கள்.

ஏழே கேள்விகள். இவற்றுக்குப் பதில் கிடைத்தால் கையெழுத்துப் போடுங்கள். ஒன்றுக்குப் பதில் இல்லை என்றால் முதலில் அதைக் கேளுங்கள். பிறகு போடுங்கள்.

"எனக்குக் கன்னட எழுத்துத் தெரியாதே" என்று சிலர் சொல்வீர்கள். பரவாயில்லை. பிள்ளையையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் இந்த ஏழையும் தமிழில் குறித்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் படித்த இன்னொருவரிடம் காட்டுங்கள். நம் மையத்துக்கும் கொண்டு வாருங்கள்.

நேரம் இல்லையே, என்ன செய்வது?

இது நியாயமான கேள்வி. பள்ளிக்கூடம் திறந்திருக்கும் நேரத்தில் நாம் பெங்களூரில் இருக்கிறோம். ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போகும். அப்படியானால் நாம் ஒதுங்கிவிட வேண்டியதுதானா? இல்லை. சில வழிகள் உண்டு.

முதல் வழி: முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே லைனில் நாலு வீட்டுப் பிள்ளைகள் ஸ்கௌட்டில் இருக்கலாம். நாலு பெற்றோர் சேருங்கள். இந்த மாதம் ஒருவர் போய்ச் சாரைப் பார்க்கட்டும். அடுத்த மாதம் அடுத்தவர். போய் வந்தவர் மற்ற மூவருக்கும் சொல்ல வேண்டும். நாலு பேருக்கும் மாதாமாதம் செய்தி வரும். ஒருவருக்கு நாலு மாதத்தில் ஒரு நாள்தான் செலவு.

இரண்டாம் வழி: வீட்டில் இருக்கும் பெரியவர்களை அனுப்புங்கள். தாத்தா போகலாம். ஆயா போகலாம். "அவங்களுக்கு என்ன தெரியும்?" என்று நினைக்காதீர்கள். சுரங்கத்தில் வேலை செய்த தாத்தாவுக்குப் பாதுகாப்பு என்றால் என்ன என்று நம்மை விட நன்றாகத் தெரியும். பூமிக்குள் இறங்கும் முன் கயிறு, விளக்கு, கூட வரும் ஆள் எல்லாவற்றையும் பார்த்துப் பழகியவர் அவர். முகாமையும் அந்தக் கண்ணால் பார்ப்பார்.

மூன்றாம் வழி: ஒரு நோட்டு வையுங்கள். நாற்பது பக்க நோட்டுப் போதும். இரவு நீங்கள் ஒரு கேள்வி எழுதி வையுங்கள். காலையில் பிள்ளை பதில் எழுதட்டும். 'இந்த வாரம் ஸ்கௌட்டில் என்ன கற்றாய்?' என்று ஒரு வரி போதும். உங்களுக்கும் எழுத்துப் பழகும். பிள்ளைக்கும் 'நம் வீட்டில் கேட்கிறார்கள்' என்ற நினைப்பு வரும். ஸ்கௌட் பிள்ளைகள் தினம் செய்த நல்ல காரியத்தைக் குறித்து வைப்பது உண்டு. அந்தக் குறிப்பையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். ரயிலில் போகும்போது படிக்கலாமே!

நான்காம் வழி: ஞாயிற்றுக்கிழமை. ஆண்டுக்கு ஒரு முறையாவது பெற்றோர் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைக்கும்படி சாரிடம் கேளுங்கள். ஒருவர் கேட்டால் 'பார்க்கலாம்' என்பார். பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் நாள் குறிப்பார்.

எல்லாவற்றையும் பேச ஓர் இடமும் இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் எஸ்.டி.எம்.சி. என்ற குழு உண்டு. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் என்ன சொல்கிறது? பள்ளி நிர்வாகக் குழுவில் முக்கால் பங்கு பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்கிறது. மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. அதாவது அந்த நாற்காலிகள் நம்முடையவை. அங்கே ஸ்கௌட் பற்றியும் கேட்கலாம். சாரண குழுவுக்கு உதவப் பெற்றோர் குழு தனியாக இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் அதில் சேருங்கள்.

உதவி வேறு, தலையிடுவது வேறு

சில பெற்றோர் ஒன்றுமே கேட்பதில்லை. சில பெற்றோர் எல்லாவற்றையும் தாங்களே செய்கிறார்கள். இரண்டும் சரியில்லை.

முகாமுக்குப் பை கட்ட வேண்டும். யார் கட்டுவது? பிள்ளைதான். நாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். "கம்பளி வச்சியா? டார்ச் வச்சியா? மருந்து வச்சியா?" என்று கேட்கலாம். நாமே கட்டிக் கொடுத்தால் அங்கே போய் எது எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியாது.

முடிச்சு தப்பாகப் போட்டால் பிடுங்கிப் போடாதீர்கள். இன்னொரு முறை போடச் சொல்லுங்கள். 'என் பிள்ளையை அணித் தலைவர் ஆக்குங்கள்' என்று சாரிடம் போய் நிற்காதீர்கள். அந்த இடத்தைப் பிள்ளை தானே அடைய வேண்டும்.

அப்படியானால் நாம் எதில் உதவலாம்? நம்மிடம் எத்தனை தொழில் இருக்கிறது! கொத்தனார் இருக்கிறார். எலக்ட்ரீஷியன் இருக்கிறார். ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் அக்கா இருக்கிறார். நூறு பேருக்குச் சமைக்கும் அண்ணன் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போய், தெரிந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். பணம் கொடுக்க முடியாதவர் கூலி இல்லாமல் ஒரு மணி நேரம் கொடுக்கலாம். அதுவும் பங்குதான்.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசுவோம். சீருடை வாங்க முடியவில்லையா? மறைக்காதீர்கள். "சார், இந்த மாசம் முடியல. பெரிய பிள்ளைங்க போட்டுச் சின்னதான சட்டை இருந்தா குடுங்க" என்று கேளுங்கள். சீருடை இல்லை என்று வெட்கப்பட்டு எத்தனையோ பிள்ளைகள் தாங்களாகவே நின்றுவிடுகிறார்கள். வீட்டில் சொல்வதுகூட இல்லை. பணம் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். ரசீது கேட்பது சந்தேகம் அல்ல. அது கணக்கு.

பெண் பிள்ளையை அனுப்பலாமா?

இங்கே இருக்கும் அண்ணன்மார்களிடம் ஒரு வார்த்தை. பையன் கேம்ப் போகிறேன் என்றால் பணம் எடுக்கிறோம். மகள் கேட்டால் "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு?" என்கிறோம்.

பயம் இருக்கிறது. அது எனக்கும் தெரியும். ஆனால் பயம் வந்தால் கேள்வி கேட்க வேண்டும். கதவை மூடக் கூடாது. கைடு பிரிவைப் பெண்களே நடத்துகிறார்கள். அந்த டீச்சரைப் போய்ப் பாருங்கள். எங்கே படுப்பார்கள், இரவில் யார் கூட இருப்பார்கள், கழிப்பறையில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று எல்லாம் கேளுங்கள். மாதவிலக்கு வந்தால் துணி, நாப்கின், தண்ணீர் வசதி உண்டா என்று அம்மா கேட்கட்டும். நல்ல பதில் வந்தால் அனுப்புங்கள். நாளைக்கு அவளும் ரயில் ஏறி வேலைக்குப் போக வேண்டியவள். தைரியத்தை எங்கே கற்பாள்?

பிள்ளை சொல்வதைக் கேளுங்கள்

இன்னொரு விஷயம். சொல்லக் கஷ்டமானது. ஆனால் சொல்லாமல் விடக் கூடாது.

எந்தக் குழுவாக இருந்தாலும் நல்லவர்கள் இருப்பார்கள். எங்கேயாவது ஒரு கெட்டவரும் நுழைந்துவிடலாம். பிள்ளையிடம் முன்பே சொல்லி வையுங்கள். "யாராவது உன் உடம்பைத் தப்பாத் தொட்டா, 'வீட்டுல சொல்லாதே'ன்னு ரகசியம் சொன்னா, உடனே எங்கிட்ட சொல்லு. நான் உன்னைத் திட்ட மாட்டேன்." கடைசி வரி மிக முக்கியம். திட்டுவார்கள் என்ற பயத்தில்தான் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்கின்றன.

ஆசையாகப் போன பிள்ளை திடீரென்று 'போக மாட்டேன்' என்கிறதா? ஒரு பெரியவரின் பெயரைக் கேட்டாலே ஒதுங்குகிறதா? சோம்பல் என்று நினைத்து அடிக்காதீர்கள். உட்கார வைத்துக் கேளுங்கள்.

2012-ஆம் ஆண்டு போக்சோ என்ற சட்டம் வந்தது. 18 வயது நிரம்பாத எந்தப் பிள்ளைக்கும், ஆணோ பெண்ணோ, பாலியல் தொல்லையிலிருந்து அது பாதுகாப்புத் தருகிறது. அப்படி நடந்தது தெரிந்தால் போலீசுக்குச் சொல்ல வேண்டும். மூடி மறைப்பது குற்றம். பிள்ளைகளுக்கு உதவ 1098 என்ற போன் நம்பர் இருக்கிறது. காசு கிடையாது. எந்த நேரமும் கூப்பிடலாம். இந்த நம்பரை நோட்டில் பெரிதாக எழுதுங்கள். பிள்ளைக்கும் மனப்பாடம் செய்ய வையுங்கள்.

பள்ளியில் பிள்ளையை அடிப்பதும், மனம் நோகப் பேசித் தண்டிப்பதும் கல்வி உரிமைச் சட்டப்படி கூடாது. 'ஒழுக்கம் சொல்லிக் கொடுக்கிறோம்' என்று சொல்லி அடித்தாலும் தவறுதான்.

கேட்டால் கோபித்துக்கொள்வார்களா?

"நாம கேட்டா சார் நம்ம பிள்ளை மேல கோபத்தைக் காட்டுவாரோ?" இந்தப் பயம் பலருக்கு இருக்கிறது. எங்கள் அம்மாவுக்கும் இருந்தது.

மரியாதையாகக் கேளுங்கள். முதலில் நன்றி சொல்லுங்கள். பல ஸ்கௌட் ஆசிரியர்கள் பாடம் நடத்தும் வேலை போக, தங்கள் நேரத்தையும் கொடுத்துத்தான் இதைச் செய்கிறார்கள். அன்று நடு இரவில் என் தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடியவரும் அப்படிப்பட்ட ஒருவர்தான். நல்ல ஆசிரியர் கேள்வி கேட்கும் பெற்றோரை விரும்புவார். அவருடைய பாரத்தில் பாதி குறையும். கேள்வி கேட்டதற்காகப் பிள்ளையை ஒதுக்குகிறார் என்றால், அங்கே அனுப்பலாமா என்று நாம் யோசிக்க வேண்டியதுதான்.

அம்மா எழுதிய மூன்று வரி

கடைசியாக எங்கள் வீட்டுக்கே திரும்பி வருகிறேன்.

அந்த முகாமுக்குப் பிறகு அம்மா இரவில் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். "இனிமே எனக்குப் படிக்கத் தெரியணும்" என்றார். ரயில் அலுப்போடு எழுத்துக் கூட்டினார். சில நாள் நோட்டின் மேலேயே தூங்கிவிடுவார். நான் கடை வேலையை விட்டு ஊருக்கு வந்த பிறகு அவரோடு இந்த மையத்துக்கு வந்தேன். அவர் கற்க வந்தார். நான் கற்றுக் கொடுக்கத் தொடங்கினேன்.

அடுத்த ஆண்டு மறுபடியும் முகாம் வந்தது. அம்மா அனுப்ப மாட்டார் என்று நினைத்தேன். தம்பியும் அப்படித்தான் நினைத்தான். தாளைத் தயங்கித் தயங்கிக் கொடுத்தான். "உரக்கப் படிடா" என்றார் அம்மா. அவன் படித்தான். வரி வரியாகத் தமிழில் சொன்னான். நோய் பற்றிய வரி வந்ததும், "நிறுத்து. பேனாவைக் கொடு" என்றார்.

தமிழில்தான் எழுதினார். மூன்று வரி.

'இழுப்பு வரும். பம்பு பையில் இருக்கிறது. குளிரில் படுக்க வைக்க வேண்டாம்.'

அதை எழுதக் கால் மணி நேரம் ஆயிற்று. எழுத்து மேலும் கீழுமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் சாரின் வீட்டுக்கே போனோம். அவர் படித்துப் பார்த்தார். பக்கத்தில் கன்னடத்திலும் எழுதிக்கொண்டார். பிறகு மற்ற பிள்ளைகளின் தாள்களையும் எடுத்து, அந்த வரி வெறுமையாக இருந்தவற்றைத் தனியாக வைத்தார். "இவங்க வீட்டுலயும் கேட்டுட்டு வரணும்" என்றார்.

அதன் பிறகுதான் அம்மா கீழே தன் பெயரை எழுதினார். அதே கையெழுத்துத்தான். ஆனால் இந்த முறை என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்து போட்டார்.

தம்பி முகாமுக்குப் போனான். கட்டடத்துக்குள் படுத்தான். பம்பு பையிலேயே இருந்தது. சிரித்துக்கொண்டு திரும்பி வந்தான்.

அன்பானவர்களே! நம்மால் தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போக முடியாது. ஆனால் ஒரு தாளைப் படிக்க முடியும். ஒரு கேள்வி கேட்க முடியும். மூன்று வரி எழுத முடியும். 'தயாராக இரு' என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். பெற்றோராகிய நாமும் தயாராக இருப்போம்.

படிப்போம். கேட்போம். பிறகு கையெழுத்துப் போடுவோம்.



கூடிப் பேசுங்கள்

1. உங்கள் பிள்ளையின் பள்ளியிலிருந்து கடைசியாக வந்த தாள் எது? அதில் என்ன இருந்தது?

2. உங்கள் லைனில் ஸ்கௌட், கைடு பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்கள் பெற்றோர் எப்படி முறை வைத்துக்கொள்ளலாம்?

3. உங்களுக்குத் தெரிந்த தொழிலில் எதைப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரத்தில் சொல்லிக் கொடுக்கலாம்?

எழுதிப் பாருங்கள்

உங்கள் பிள்ளை முகாமுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் உடல்நலம் பற்றி ஆசிரியருக்கு மூன்று வரி எழுதுங்கள். கீழே உங்கள் பெயரை எழுதுங்கள்.